தலைத்தோல் போன இடத்தில் ஃபிளாப் அறுவைச் சிகிச்சை: குமரி மாவட்டக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விபத்திலோ, கரண்ட் அடித்ததிலோ, புற்றுக்கட்டியை எடுத்ததிலோ தலைத்தோலின் பெரும்பகுதியை இழந்தவர்களின் வீட்டாருக்காக எழுதியது இது. ஃபிளாப் என்பது சொந்த ரத்த ஓட்டத்தோடு திசுவை நகர்த்திக் கொண்டுவந்து காயத்தை மூடுவது. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து "ஃபிளாப் போட வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த பிறகுதான் வராந்தாவில் கேள்விகள் கிளம்பும். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. பதில்கள் பொதுவானவை. காயத்தை நேரில் பார்த்த டாக்டர் இதற்கு மாறாக ஒன்று சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

மண்டையோடு வெள்ளையாகத் தெரிகிறது. இது எவ்வளவு அவசரம்?

முதல் அவசரம் ரத்தம். தலைத்தோலுக்கு இருபக்கமும் சேர்த்து ஐந்து ஜோடித் தமனிகள் ரத்தம் கொண்டுவருகின்றன: நெற்றியில் இரண்டு ஜோடி, காதுக்கு முன்னால் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, பிடரியில் ஒன்று. தோலுக்கு அடியில் இருக்கும் நார்த்திசு இந்தக் குழாய்களை இறுகப் பிடித்து வைத்திருப்பதால், அறுந்தாலும் அவை சுருங்கி மூடிக்கொள்வதில்லை. கையில் இதே அளவு வெட்டு விழுந்தால் நின்றுவிடும் ரத்தம் தலையில் நிற்காமல் கொட்டுவது இதனால்தான். சுத்தமான துணியை மடித்து வைத்துக் கையால் நன்றாக அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். எலும்பு உடைந்து உள்ளே அமுங்கியதுபோல் தெரிந்தால் அந்த இடத்தில் அழுத்தாமல் சுற்றி அழுத்துங்கள். காப்பிப்பொடி, மஞ்சள், சுண்ணாம்பு, பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். அதையெல்லாம் கழுவி எடுப்பதற்கே தியேட்டரில் நேரம் போகிறது, கழுவும்போது நல்ல திசுவும் சேர்ந்து போகிறது.

அடுத்தது மூளை, கழுத்து. ஸ்கேன் எடுத்து உள்ளே ரத்தக்கசிவு இல்லை, கழுத்தெலும்பு சரியாக இருக்கிறது என்று தெரியும்வரை பிளாஸ்டிக் சர்ஜன் காத்திருக்கத்தான் வேண்டும். "தலையைத் திறந்து போட்டுக்கொண்டு ஸ்கேன் எதற்கு" என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. அந்த ஸ்கேன்தான் உயிரைக் காப்பது.

மூன்றாவது எலும்பு. மண்டையோட்டின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு, எலும்புக்கான ஊட்டத்தில் ஒரு பங்கு அதன் வழியாக வருகிறது. சவ்வும் போய் எலும்பு காற்றில் கிடந்தால் சில நாட்களிலேயே மேல்பரப்பு காய்ந்து செத்துப்போகத் தொடங்கும். செத்த எலும்பில் கிருமி ஏறினால் அது மூளை உறைவரை போகக்கூடும். ஆகவே ராத்திரியோடு ராத்திரியாக ஃபிளாப் போட வேண்டியதில்லை. அதற்காக வாரக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. இடைப்பட்ட நாட்களில் எலும்பு காயாமல் ஈரக்கட்டுப் போட்டு வைப்பார்கள்.

முடி மெஷினில் சிக்கித் தலைத்தோல் மொத்தமாக உரிந்து வந்துவிட்டது. அதைத் திரும்ப ஒட்ட முடியுமா?

முடியும், இதில் நேரம்தான் எல்லாம். மாவு மில் பெல்ட், கயிறு திரிக்கும் இயந்திரம், ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர், வள்ளத்து இஞ்சினின் சுழலும் தண்டு, இவற்றில் நீளமுடி சிக்கினால் தலைத்தோல் புருவத்திலிருந்து பிடரிவரை ஒரே துண்டாக உரிந்துவிடும். அடியில் உள்ள தளர்வான அடுக்கில் அது சுலபமாகப் பிரிந்துவிடுவதே காரணம். பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அந்தத் துண்டுக்கு நிகரான தலைத்தோல் உடம்பில் வேறெங்கும் இல்லை, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வருவதுதான் மிகப் பெரிய இழப்பு.

துண்டை மெஷினிலிருந்து முடியோடு எடுங்கள். முடியை வெட்டிச் சுத்தம் செய்ய நேரம் செலவழிக்க வேண்டாம். சலைனில் நனைத்த சுத்தமான துணியில் சுற்றுங்கள், சலைன் இல்லையென்றால் சுத்தமான தண்ணீர் போதும். அதை ஓட்டையில்லாத பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீர் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். துண்டு நேராக ஐஸ்மேல் படக்கூடாது, கவருக்குள் அந்தத் தண்ணீர் புகவும் கூடாது. கடற்கரை ஊர்களில் மீன் ஐஸ் எப்போதும் கையில் இருப்பதால் நல்ல எண்ணத்தோடு ஐஸ்பெட்டியில் நேரடியாகப் புதைத்துவிடும் ஆபத்து உண்டு. உறைந்துபோன ரத்தக்குழாயைத் தைக்க முடியாது.

நுண்ணோக்கியின் கீழ் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துவிட்டாலே பல நேரங்களில் தலைத்தோல் முழுவதும் பிழைத்துக்கொள்ளும், முடியும் திரும்ப வளரும். அந்த அளவுக்கு அங்கே குழாய்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இப்படி ஒட்டியதாக முதல் செய்தி 1976-இல் வந்தது. ரத்தக்குழாய்கள் நார்நாராகப் பிய்ந்திருந்தால் மட்டும் முடியாது. அப்போது கீழே சொல்லும் வழிகள்.

108-இல் ஏறும்போதே "தலைத்தோல் துண்டு கையில் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். நுண்ணறுவைச் சிகிச்சை செய்யும் இடத்துக்குப் போனிலேயே தகவல் போகட்டும்.

இழுத்துத் தையல் போட்டு மூட முடியாதா?

சுமார் 3 சென்டிமீட்டர் அகலம்வரை முடியும். அதற்கு மேல் கடினம். தலைத்தோலின் நடுவில் நீளாத, கெட்டியான ஒரு நார்த்தகடு இருக்கிறது. வயிற்றுத்தோலை இழுப்பதுபோல் இதை இழுக்க முடியாது. பலவந்தமாக இழுத்துத் தைத்தால் தையல் ஓரம் கறுத்து, புண் முன்பைவிடப் பெரிதாகத் திறந்துகொள்ளும்.

தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினால் போதுமே? பெரிய ஆபரேஷன் எதற்கு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமானதும்கூட. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு எளிதாகப் புரியும். ஒட்டு மொட்டு அடியில் இருக்கும் மரத்தின் பச்சைப் பரப்பிலிருந்து உயிர் வாங்குகிறது, காய்ந்த கட்டையில் வைத்தால் பிடிக்காது. தோல் ஒட்டும் அதேதான். அதற்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. முதல் சில நாட்கள் அடிப்பரப்பில் ஊறும் நீரை உறிஞ்சி உயிர்வாழ்ந்து, பிறகு அங்கிருந்து குழாய்கள் வளர்ந்து வந்தால்தான் பிடிக்கும். மண்டையோட்டின் மேல் சவ்வு மிஞ்சியிருந்தால் தோல் ஒட்டு தாராளமாகப் பிடிக்கும். சவ்வு போன வெற்று எலும்பில் பிடிக்காது.

அதற்கும் ஒரு பழைய வழி உண்டு. எலும்பின் வெளித்தகட்டைச் சிறு துளைகளாகத் துளைத்தோ செதுக்கியோ உள்ளே ரத்தம் கசியும் அடுக்குவரை போய், சிவந்த சதைத்துளிர் வரும்வரை காத்திருந்து, அதன்மேல் தோலை ஒட்டுவது. பிரெஞ்சு சர்ஜன் பெல்லோஸ்த் இதை 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதி வைத்துவிட்டார். இன்றும் பயன்படுகிறது, குறிப்பாக நீண்ட மயக்க மருந்தைத் தாங்க முடியாத வயதானவர்களுக்கு. செயற்கைத் தோல் தகடு வைத்து மூன்று நான்கு வாரம் கழித்து மெல்லிய தோலை ஒட்டும் முறையும் இருக்கிறது, அந்தத் தகடு விலை கூடுதல்.

இந்த வழிகளின் குறை பின்னால்தான் தெரியும். எலும்பின்மேல் நேரடியாக ஒட்டிய மெல்லிய தோல் சின்ன உரசலுக்கே புண்ணாகும். கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்படுகிறவருக்கு அது தாங்காது. அடியில் உலோகத் தகடு வைக்க வேண்டியிருந்தால் பேச்சே இல்லை.

அப்படியானால் ஃபிளாப் என்றால் என்ன? எத்தனை வகை?

சொந்த ரத்த ஓட்டத்தோடு நகர்த்தப்படும் திசுதான் ஃபிளாப், தமிழில் சதை மடல் என்கிறோம். அடியில் இருப்பது எலும்போ, உலோகமோ, பழைய கதிர்வீச்சுக் காயமோ, எதையும் அது நம்பியிருப்பதில்லை. தன் ரத்தத்தைத் தானே கொண்டுவருவதால் கிருமியை எதிர்க்கும் மருந்தும் அதன் வழியாகவே காயத்துக்குப் போய்ச்சேரும். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் டாக்டர்களும் நர்சுகளும் போடும் கட்டுப்பாடுகள் எல்லாம் இந்த ரத்த ஓட்டத்தைக் காப்பதற்கே.

முதல் தேர்வு எப்போதும் பக்கத்திலிருக்கும் தலைத்தோல். காயத்துக்கு அருகில் வளைவாக வெட்டி, ஒரு பக்கத்தை அறுக்காமல் விட்டு, சுழற்றிக் கொண்டுவந்து காயத்தை மூடுவார்கள். தலைத்தோல் நீளாது என்பதால் வெட்டு மிகப் பெரியதாக இருக்கும், காயத்தின் அகலத்தைப் போல நான்கிலிருந்து ஆறு மடங்கு. "சின்னப் புண்ணுக்கு இவ்வளவு நீளத் தையலா" என்று வீட்டார் அதிர்ச்சியடைவது இதனால். பின்னந்தலையில் உண்டாகும் புது இடைவெளியில் சவ்வு பத்திரமாக இருப்பதால் அங்கே தொடைத்தோலை ஒட்டிவிடுவார்கள். முடியில்லாத பட்டை ஒன்று பிடரியில் வரும். முன்பக்கம் முடியுள்ள தோல் வந்துவிடும். கொலம்பியா நாட்டு சர்ஜன் ஒர்டிகோச்செயா 1967-இல் மிஞ்சிய தலைத்தோலை நான்கு மடல்களாகப் பிரித்து மூடும் முறையைச் சொன்னார், பிறகு மூன்று மடலாக மாற்றினார். குழந்தைகளுக்கு இவ்வகை நன்றாக உதவும்.

தலையின் பாதிக்கு மேல் போயிருந்தால் பக்கத்தில் எடுக்க எதுவும் மிச்சமிருக்காது. பிடரிக் காயத்துக்கு முதுகின் மேல்பக்கத் தசையைக் காம்போடு திருப்பிக் கொண்டுவரலாம். உச்சிக்கு அது எட்டாது. அப்போதுதான் "ஃப்ரீ ஃபிளாப்". உடம்பில் வேறோர் இடத்துத் திசுவை அதன் தமனி, சிரையோடு முழுவதும் அறுத்தெடுத்துத் தலையில் வைத்து, காதுக்கு முன்னால் துடிக்கும் தமனியோடும் பக்கத்துச் சிரையோடும் நுண்ணோக்கியின் கீழ் தைப்பார்கள். குழாயின் விட்டம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. ஆறு முதல் பத்து மணி நேரம் ஆகலாம். தியேட்டர் விளக்கு அணையவில்லையே என்று வெளியே பதற வேண்டாம்.

தலைக்கு மிகவும் பயன்படுவது முதுகின் அகன்ற தசை. விரிந்த தட்டையான தசை, மண்டையின் வளைவோடு படிந்து உட்காரும், மேலே தொடைத்தோல் ஒட்டப்படும். முதல் மாதம் தொப்பி வைத்ததுபோல் உப்பியிருக்கும். நரம்புத் தொடர்பு இல்லாததால் தசை சில மாதங்களில் மெலிந்து மண்டையோடு படிந்துவிடும். இரண்டாவது, தொடையின் முன்வெளிப்பக்கத் தோல். அளவு நடுத்தரமாக இருந்தால் இது நல்லது, எடுத்த இடத்தைத் தையலிலேயே மூடிவிடலாம். தொடையில் கொழுப்பு அதிகமுள்ளவர்களுக்குத் தலையில் மேடாக நிற்கும், பின்னால் மெலிக்க வேண்டிவரும்.

முதுகுச் சதையை எடுத்தால் கை வேலை செய்யுமா?

அன்றாட வேலைகளுக்குப் பெரும்பாலானவர்கள் வித்தியாசம் உணர மாட்டார்கள். ஆனால் இந்தத் தசையின் வேலை, உயர்த்திய கையைக் கீழ்நோக்கி, உடம்பை நோக்கி இழுப்பது. தென்னை ஏறுகிறவர், வள்ளத்தில் துடுப்புப் போடுகிறவர், வலை இழுக்கிறவர், ஊன்றுகோல் வைத்து நடக்கிறவர், இவர்களுக்கு இழப்பு தெரியும். ஆகவே நோயாளியின் தொழிலை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். "கூலி வேலை" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தக் கையால் அதிகம் வேலை செய்கிறார் என்பதும் முக்கியம், எதிர்ப்பக்க முதுகிலிருந்து எடுக்கலாம், அல்லது தொடையைத் தேர்ந்தெடுக்கலாம். கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடம் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

இது புதிய பரிசோதனை முறையா? எங்கள் ஆளை வைத்துச் செய்து பார்க்கிறார்களா?

இல்லை. அமெரிக்காவில் மக்லீன், பங்கி என்ற இருவர் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையை எடுத்துத் தலையின் பெரிய காயத்தில் வைத்து ரத்தக்குழாயை இணைத்ததை 1972-இல் வெளியிட்டார்கள். நுண்ணோக்கியின் கீழ் குழாய் தைத்துத் திசுவை மாற்றும் முறை மனிதர்களுக்கு வந்த முதல் சில முயற்சிகளிலேயே தலைத்தோல் காயம் இருந்திருக்கிறது. இன்று அனுபவமுள்ள குழுக்களின் கையில் 100-க்கு 95-க்கு மேல் பிழைக்கின்றன. மீதி ஐந்தில் நம் ஆள் இருக்கக்கூடும் என்பதையும் கையெழுத்துப் போடும்முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

பலூன் வைத்துத் தோலை வளர்ப்பதாகச் சொல்கிறார்களே?

நல்ல முடியுள்ள தலைத்தோலுக்கு அடியில் சிலிக்கோன் பையை வைத்து, வாராவாரம் ஊசியால் சலைன் ஏற்றி, இரண்டு மூன்று மாதத்தில் தோலை விரித்து, பிறகு பையை எடுத்துவிட்டு விரிந்த தோலால் வழுக்கையான இடத்தை மூடுவது. தலையின் பாதிவரை போனதைக்கூட இப்படி முடியுள்ள தோலால் மூட முடியும். வேறெந்த முறையிலும் இவ்வளவு முடி திரும்பக் கிடைக்காது.

ஆனால் திறந்த புண்ணுக்கு இது ஆகாது. கிருமியுள்ள இடத்தில் பை வைத்தால் பையும் போகும், தோலும் போகும். முதலில் தோல் ஒட்டோ ஃபிளாப்போ போட்டுக் காயத்தை ஆற்றி, மாதங்கள் கழித்து இரண்டாம் கட்டமாகச் செய்வதே வழக்கம். அந்த இரண்டு மூன்று மாதமும் தலை வீங்கிப் பெரிதாகத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளை என்றால் பெரிய விடுமுறையை ஒட்டிச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், ஒத்த பிள்ளைகளின் கேலி ஊசியைவிட வலிக்கும்.

கரண்ட் அடித்த காயத்துக்கு மட்டும் ஏன் பல தடவை தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள்?

தென்னையில் ஓலை வெட்டும்போது மேலே போகும் கம்பியில் தலை முட்டுவது, மாடியில் கம்பி தூக்கும்போது உயர்அழுத்த லைனில் படுவது, இவற்றில் வெளியே தெரிவதைவிட உள்ளே அழிவு அதிகம். ரத்தக்குழாய்களின் உட்சுவர் வெந்திருப்பதால் முதல் நாள் உயிரோடு தெரிந்த திசு நான்காம் நாள் கறுக்கும். அதனால் தவணையாகச் செத்ததை நீக்குகிறார்கள். எலும்பும் வெந்திருக்கலாம். மண்டையோட்டை வெட்டி எடுக்காமல், வெந்த எலும்பின் மேலேயே நல்ல ரத்த ஓட்டமுள்ள ஃபிளாப்பை விரைவாகப் போட்டு மூடி, அதன் அடியில் எலும்பு மெல்ல உயிர்பெற விடுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. இணைக்கும் தமனி வெந்த பகுதிக்கு வெளியே இருக்க வேண்டும், ஆகவே கழுத்துவரை போய்க் குழாய் தேட நேரலாம்.

புற்றுக்கட்டி எடுத்த காயம். உடனே மூடவில்லையே, ஏன்?

ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்று பயாப்சி முடிவு வரும்வரை சில டாக்டர்கள் தற்காலிகக் கட்டோடு நிறுத்திவைப்பார்கள். பெரிய மடலைச் சுழற்றிய பிறகு "இந்த ஓரத்தில் இன்னும் இருக்கிறது" என்று வந்தால் எந்த ஓரம் எங்கே போனது என்றே தெரியாமல் போகும். இந்தத் தாமதம் நல்லதற்கே. கதிர்வீச்சு தேவைப்பட்டால் பொதுவாக ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்க விரும்புவார்கள், அதற்குள் காயம் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஃபிளாப்பைத் தேர்ந்தெடுக்க இது பெரிய காரணம்.

வெயிலில் வாழ்நாள் முழுவதும் நின்ற வழுக்கைத்தலைக்காரர்கள், பழைய தீக்காயத் தழும்புள்ளவர்கள், இவர்கள் தலையில் ஆறாத புண் ஒன்று ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் களிம்பு மாற்றி மாற்றித் தடவாமல் பயாப்சி எடுங்கள்.

இங்கேயே செய்ய முடியுமா? செலவு?

ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதல் சிகிச்சை, ஸ்கேன், காயம் கழுவுதல் ஆகியவற்றுக்கு அங்கே போவதில் தயக்கம் வேண்டாம். ஃப்ரீ ஃபிளாப் என்று வரும்போது பெயர்ப்பலகையைவிட நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இங்கே நுண்ணோக்கியும் அதில் தொடர்ந்து வேலை செய்யும் சர்ஜனும் உண்டா? ராத்திரி இரண்டு மணிக்கு ஃபிளாப் கறுத்தால் திரும்பத் தியேட்டரைத் திறக்க ஆள் உண்டா? இரண்டுக்கும் "ஆம்" வராவிட்டால் மாற்றுக் கடிதம் கேட்பதில் தவறில்லை. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தினருக்குத் திருவனந்தபுரம்தான் கூப்பிடு தூரம், நாகர்கோவிலுக்குக் கிழக்கே உள்ளவர்கள் திருநெல்வேலி, மதுரை என்று போவார்கள். எல்லை தாண்டும்முன் காப்பீட்டு அட்டை அந்த ஆஸ்பத்திரியில் செல்லுமா என்று விசாரியுங்கள். செல்லாது என்பதைப் பில் கட்டும் கவுண்டரில் தெரிந்துகொள்வது கொடுமை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும். சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம், எந்த மாநிலத்தவராக இருந்தாலும். அந்த 48 மணி நேரத்துக்குள் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து எடுத்துவந்துவிட வேண்டும். அடுத்த கட்டத்துக்கு அனுமதி வாங்க அவை தேவைப்படும்.

ஆபரேஷன் முடிந்த பிறகு மணிக்கொரு தடவை எழுப்பி எழுப்பிப் பார்க்கிறார்கள். தூங்க விடக்கூடாதா?

விடக்கூடாது. இணைத்த குழாயில் ரத்தம் உறைந்தால் அது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் நடக்கும். நர்ஸ் பார்ப்பது நிறம், சூடு, விரலால் அழுத்தி விட்டால் எவ்வளவு நேரத்தில் ரத்தம் திரும்புகிறது, ஊசியால் குத்தினால் என்ன நிறத்தில் வருகிறது. வெளுத்துக் குளிர்ந்தால் தமனியில் தடை, நீலம் பாய்ந்து வீங்கினால் சிரையில் தடை. சில மணி நேரத்துக்குள் திரும்பத் திறந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். துணைக்கு இருப்பவர் நிறம் மாறியதாகச் சந்தேகப்பட்டால் உடனே சொல்லுங்கள், நர்ஸ் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

ஃபிளாப்பின் மேல் தலை சாய்க்கவே கூடாது. தலையைச் சுற்றி இறுக்கமான கட்டு, மூக்குக்கண்ணாடியின் காது, ஆக்சிஜன் முகமூடியின் நாடா, இவற்றில் ஒன்று காதுக்கு முன்னால் இருக்கும் இணைப்பை அழுத்தினால் போதும், பத்து மணி நேர வேலை வீணாகும். அறையைக் கதகதப்பாக வைத்திருப்பார்கள், புழுக்கமாக இருக்கிறது என்று ஏசியைக் கூட்டாதீர்கள்.

பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றிலும் உள்ள நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும். திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். விபத்து என்றால் அந்த நிமிடத்திலிருந்து. பார்க்க வந்த மாமாவோ அண்ணனோ பாத்ரூம் பக்கம் கூட்டிப்போய் "ஒரு இழுப்பு" கொடுப்பதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

மீனும் முட்டையும் கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று அம்மச்சி சொல்கிறார்.

அம்மச்சியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: கொடுக்காவிட்டால்தான் பிடிக்கும். காயம் ஆறப் புரதம் வேண்டும். சாளை, நெத்திலி, முட்டை, பயறு எல்லாம் கொடுக்கலாம். கருவாட்டில் உப்பு அதிகம், ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் குறைக்கவும். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

வைத்தியசாலை எண்ணெய் போடலாமா?

திறந்த புண்ணில் கூடாது. இந்த மாவட்டத்தில் வர்ம வைத்தியருக்கு இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும், மூட்டுவலிக்கு அவரிடம் போவதைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஃபிளாப்பைத் தடவி உருவி எண்ணெய் போட்டால் அடியில் உள்ள குழாய் கிழியும். முழுதாக ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு, ஒட்டிய தோலுக்கும் தொடையில் எடுத்த இடத்துக்கும் சுத்தமான தேங்காய் எண்ணெய் தினமும் தடவலாம். ஒட்டிய தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் சரியாக வேலை செய்யாததால் அது வறண்டு வெடிக்கும், அரிக்கும். வீட்டில் ஆட்டிய எண்ணெய் போதும், விலை கூடிய கிரீம் தேவையில்லை.

முடி வளருமா?

பக்கத்துத் தலைத்தோலைச் சுழற்றியிருந்தால் வளரும். திரும்ப ஒட்டிய சொந்தத் தலைத்தோலில் வளரும். தொடைத்தோலிலோ முதுகுத்தசையின் மேல் ஒட்டிய தோலிலோ வளராது. அங்கே முடி நடும் சிகிச்சையும் சரியாகப் பிடிப்பதில்லை, விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தைக் கொட்டாதீர்கள். விக் நல்ல தீர்வு. கல்யாண வயதுப் பெண்பிள்ளை என்றால் இந்தக் கேள்வியை ஆபரேஷனுக்கு முன்பே வாய்விட்டுக் கேளுங்கள். உயிர் பிழைத்ததே பெரிது, முடியைப் பற்றி என்ன பேச்சு என்று அடக்குகிறவர்கள் வீட்டிலேயே இருப்பார்கள். அவள் கேட்பது வீண் ஆசை இல்லை, டாக்டர் திட்டத்தையே மாற்றக்கூடிய தகவல் அது.

மீன் கூடை சுமக்கலாமா? ஹெல்மெட் போடலாமா? கடலுக்குப் போகலாமா?

சும்மாடு வைத்துத் தலையில் கூடை சுமப்பது இனி வேண்டாம், சும்மாடு எவ்வளவு மெத்தென்று இருந்தாலும். ஃபிளாப்பில் உணர்ச்சி குறைவு, தோல் அரைபடுவது அவருக்கே தெரியாது, மாலையில் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். எலும்பும் எடுக்கப்பட்டிருந்தால் பாரம் நேராக மூளைமேல் இறங்கும். முட்டத்திலோ குளச்சலிலோ கூடை தூக்கிப் பிழைப்பவருக்கு இது பிழைப்பையே மாற்றும் செய்தி, அதைச் சொல்லாமல் டிஸ்சார்ஜ் செய்வது சரியில்லை. தள்ளுவண்டியோ வேறு ஏற்பாடோ வீட்டார் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

ஹெல்மெட் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குப் பிறகு, ஒரு அளவு பெரியதாக, உள்ளே மென்துணி வைத்து. அதுவரை பைக்கில் ஏறவே வேண்டாம்.

கடலுக்குப் போகலாம், தொப்பியோடு. உணர்ச்சியற்ற தோல் வெயிலில் வெந்தாலும் சுடுவது தெரியாது. அதே காரணத்தால் குளிக்கும் வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே தலையில் ஊற்றுங்கள்.

எலும்பு இல்லாத இடத்தில் தகடு எப்போது வைப்பார்கள்?

கிருமி இருந்த காயம் என்றால் ஃபிளாப் ஆறி, பல மாதங்கள் சுத்தமாக இருந்த பிறகு. டைட்டானியம் வலையோ எலும்புச் சிமென்டோ வைப்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

முடிவெட்டும் கடைக்குப் போகலாமா?

மூன்று மாதம் கழித்துப் போகலாம். ஒட்டிய தோலின் மேல் சவரக்கத்தி வைக்க வேண்டாம், மெஷின் போதும். வெட்டி முடித்ததும் பழக்கத்தில் தலையைப் பிடித்து நெற்றிப்பொட்டில் அழுத்தி ஒரு மசாஜ் செய்வார்கள். உட்காரும்போதே "அண்ணே, தலையில கை வைக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.